வீதி யாருக்குச் சொந்தம்? பிரித்தானியாவில் சைக்கிளும் காரும் பகிர்ந்துகொண்ட வீதியின் வரலாறு



நமது நிலையத்தின் காலை நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்களிடமிருந்து இரண்டு விதமான குரல்களை அடிக்கடி கேட்கிறேன். ஒன்று: "இந்தச் சைக்கிள்காரரால் வீதியில் நிம்மதியாகக் கார் ஓட முடியவில்லை. வீதி வரியும் கட்டுவதில்லை. ஆனால் நடுவீதியில் போகிறார்கள்." மற்றையது: "மகன் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறேன் என்று நிற்கிறான். இந்த வீதியில் எப்படி விடுவது?" வேடிக்கை என்னவென்றால், பல வேளைகளில் இந்த இரண்டு குரலும் ஒரே வீட்டிலிருந்துதான் வருகின்றன.

இந்த வழக்கு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. சைக்கிள் ஓடுகிறவர் வீதியில் போகலாமா, போனால் அவருடைய உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை இந்த நாடு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இன்றைய சண்டையில் பாதி தானாகவே தீர்ந்துவிடும் என்பது என் நம்பிக்கை. இந்த மாத உரை அதைப் பற்றியதுதான்.

சைக்கிள் ஒரு 'வண்டி' ஆன கதை

பிரித்தானியாவின் 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் எழுதப்பட்டபோது சைக்கிள் என்ற ஒன்று பழக்கத்தில் இல்லை. குதிரை, மாட்டு வண்டி, கோச்சு வண்டி இவற்றை மனதில் வைத்தே அது எழுதப்பட்டது. நடைபாதையில் வண்டி ஓட்டக் கூடாது, கண்மூடித்தனமான வேகத்தில் ஓட்டக் கூடாது என்று அது சொன்னது. பிற்பாடு பெரிய முன்சில்லும் சின்னப் பின்சில்லும் கொண்ட உயரமான சைக்கிள்கள் வந்தபோது, இது வண்டியா, விளையாட்டுப் பொருளா என்று யாருக்கும் தெரியவில்லை.

1879இல் டெயிலர் எதிர் குட்வின் என்ற வழக்கில் நீதிமன்றம் ஒரு முடிவு சொன்னது. மிதமிஞ்சிய வேகத்தில் ஓட்டிய குற்றத்தைப் பொறுத்தவரை சைக்கிளும் ஒரு வண்டிதான் என்பது அந்தத் தீர்ப்பு. அதாவது, சைக்கிளுக்கு வண்டி என்ற அந்தஸ்து கிடைத்ததே ஒருவரைத் தண்டிப்பதற்காகத்தான்! ஆனால் தண்டனையோடு உரிமையும் சேர்ந்து வந்தது. 1888ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் சைக்கிள்களை வண்டிகள் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. இரவில் விளக்கு வேண்டும், யாரையாவது முந்திச் செல்லும்போது மணி அடிக்க வேண்டும் என்ற கடமைகளையும் விதித்தது. அன்றிலிருந்து வீதி சைக்கிள் ஓடுகிறவருக்கும் சட்டப்படி உரியது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த இடமல்ல அது.

இதே காலத்தில்தான் நாம் இன்று அறிந்த சைக்கிளும் பிறந்தது. 1885இல் கொவென்ரி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சில்லும் ஏறக்குறைய ஒரே அளவான, சங்கிலியால் ஓடும் 'ரோவர்' சைக்கிளை அறிமுகம் செய்தார். அதற்கு வழங்கிய பெயர் 'பாதுகாப்புச் சைக்கிள்'. உயரமான பழைய சைக்கிளிலிருந்து தலைகுப்புற விழும் ஆபத்து இதில் இல்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லொப் காற்றடைத்த ரயரைக் கொண்டுவந்தார். அந்த நாளில் சைக்கிள் ஓடுகிறவரின் பயமெல்லாம் தன் சைக்கிளிலிருந்து விழுவதும் குண்டும் குழியுமான வீதியும்தான்.

அந்தக் குண்டுகுழிகளைத் திருத்தச் சொல்லி முதலில் குரல் கொடுத்தவர்களும் சைக்கிள்காரர்களே. 1878இல் தொடங்கிய சைக்கிள் பயணிகள் சங்கம், மற்றொரு சைக்கிள் அமைப்புடன் சேர்ந்து 1886இல் வீதி மேம்பாட்டுச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தியது. நல்ல வீதி எப்படிப் போடுவது என்று துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டுப் பரப்பினார்கள். பின்னர் அந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்த றீஸ் ஜெஃப்றீஸ், 1910இல் அரசு அமைத்த வீதிச் சபையின் செயலாளரானார். அவரும் சைக்கிளில் ஊர் சுற்றி வளர்ந்தவர்தான். கார்கள் சுகமாக ஓடும் வழவழப்பான வீதிகளை முதலில் கேட்டவர்கள் கால்மிதியை மிதித்தவர்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மோட்டார் வந்தது, வேகமும் வந்தது

1896ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி, லண்டன் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிறிஸ்கொல் என்ற பெண்மணி மோட்டார் வண்டியில் அடிபட்டு இறந்தார். இந்த நாட்டில் மோட்டார் காரால் கொல்லப்பட்ட முதலாவது பாதசாரி அவர். மரண விசாரணை அதை விபத்து என்று முடித்தது. அதே ஆண்டில்தான் மோட்டார் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து செல்ல வேண்டும் என்ற பழைய விதி நீக்கப்பட்டது.

1903இல் வேக எல்லை மணிக்கு 20 மைல் ஆனது. 1930ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது நல்ல விடயம். ஆனால் அதே சட்டம் கார்களுக்கான வேக எல்லையை முற்றாக எடுத்துவிட்டது. சாரதிப் பரீட்சையும் அப்போது இல்லை. காசு கொடுத்துக் கார் வாங்கியவர் நேரே வீதிக்கு வரலாம்.

விளைவை எண்ணிக்கையில் பாருங்கள். 1934இல் பிரித்தானிய வீதிகளில் இறந்தவர்கள் 7,343 பேர். அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சைக்கிளில் போனவர்கள். அப்போது நாட்டிலிருந்த மோட்டார் வாகனங்கள் இருபத்தைந்து இலட்சம்கூட இல்லை. இன்று நான்கு கோடிக்கும் மேல். ஆனால் 2023இல் வீதி மரணங்கள் 1,624.

1934இல் போக்குவரத்து அமைச்சராக வந்தவர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. கட்டிடங்கள் நிறைந்த பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற எல்லை 1935 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் சாரதிப் பரீட்சை கட்டாயமானது. இன்றும் நாம் காணும், மஞ்சள் உருண்டை விளக்கு பொருத்திய பாதசாரிக் கடவைக் கம்பம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

கிரீன்ஃபோர்ட் பக்கம் ஒரு பாதை

மேற்கு லண்டனில் வசிக்கும் நேயர்களுக்கு வெஸ்ரேர்ண் அவெனியூ தெரியாமல் இருக்காது. ஹாங்கர் லேனிலிருந்து கிரீன்ஃபோர்ட் வீதி வரை அதன் இரு பக்கமும் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டு, 1934 டிசம்பரில் ஹோர்-பெலிஷா அதைத் திறந்துவைத்தார். நீளம் ஏறத்தாழ இரண்டரை மைல். அமைச்சு அமைத்த முதலாவது சைக்கிள் பாதை அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் நாட்டின் பல பகுதிகளிலும் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு இப்படிப் பாதைகள் அமைந்தன. அவற்றில் பல பின்னர் புல் மூடியும், கார் நிறுத்துமிடமாக மாறியும் மறக்கப்பட்டன.

இந்தப் பாதைக்குக் கடும் எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் யார் தெரியுமா? சைக்கிள் சங்கத்தினர்தான். இன்று கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். ஆனால் அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது. பாதை ஒவ்வொரு பக்க வீதியிலும் முறிந்து முறிந்து போனது. ஆபத்து மிகுந்த சந்திகளில் அது கைவிட்டுவிட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இன்று தனிப் பாதை தருகிறார்கள், நாளை அதில்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தி வீதியிலிருந்தே நம்மைத் துரத்திவிடுவார்கள் என்பது. ஆபத்தை உண்டாக்குகிறவரை விட்டுவிட்டு, ஆபத்துக்கு உள்ளாகிறவரை ஒதுக்குவது எந்த ஊர் நீதி என்று கேட்டார்கள்.

பின்விளக்கு விடயத்திலும் இதே வாதம் நடந்தது. முன்விளக்கு எவ்வளவோ காலமாக இருந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் பின்னால் சிவப்பு ஒளித்தெறிப்பானோ விளக்கோ வேண்டும் என்றது. சைக்கிள்காரர்கள் எதிர்த்தார்கள். தன் விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஓடுவது கார்காரரின் கடமை. முன்னால் போகிறவன் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்றால் அந்தக் கடமை மெல்ல மெல்ல இடம் மாறிவிடும் என்றார்கள். பின்னர் உலகப் போர் வந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து நகரங்கள் இருட்டாக்கப்பட்டன. 1941இல் வீதி மரணங்கள் 9,169 ஆகி, இந்த நாட்டு வரலாற்றின் உச்சத்தைத் தொட்டன. 1945இல் பின்விளக்குச் சட்டம் நிலையானது. கொள்கை எதுவானாலும், இருட்டில் விளக்கில்லாமல் போவது உயிரோடு விளையாடுவது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டனர். ஆனால் அவர்கள் எழுப்பிய அடிப்படைக் கேள்வி செத்துப்போகவில்லை.

கணக்கில் ஒரு மயக்கம்

நான் தொழிலால் கணக்காளன். எண்களைப் பார்த்தால் அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் சைக்கிளில் போய் இறப்போரின் தொகை படிப்படியாகக் குறைந்தது. வீதி பாதுகாப்பாகிவிட்டது என்று மகிழலாமா?

அடுத்த பக்கம் இதுதான். 1949இல் பிரித்தானியர் சைக்கிளில் ஓடிய தூரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,470 கோடி மைல். வீதியில் ஓடிய வாகனத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 1973இல் அது 230 கோடி மைலாகச் சுருங்கியது. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கடையில் திருட்டுக் குறைந்துவிட்டது என்று முதலாளி சொன்னால், கடை திறந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பிரித்தானிய வீதியில் நடந்தது பெருமளவுக்குக் கடை மூடியதுதான். தாயும் தகப்பனும் பிள்ளையைச் சைக்கிளில் விடவில்லை. பிள்ளை வளர்ந்து கார் வாங்கியது.

இவ்விடத்தில் வீதி வரி பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இது என் துறை. லொயிட் ஜோர்ஜ் 1909இல் கொண்டுவந்த வரவுசெலவுத் திட்டத்தில் மோட்டார் வரிப் பணம் வீதிகளுக்கே என்று ஒரு ஏற்பாடு செய்தார். 1926இல் நிதியமைச்சராக இருந்த சேர்ச்சில் அந்த நிதியில் கை வைத்தார். வரி கட்டுகிறவர் வீதிக்கு உரிமையாளர் என்று நினைக்கத் தொடங்குவார் என்பது அவருடைய பயம். 1937இல் அந்த ஏற்பாடே கைவிடப்பட்டது. கார்க்காரர் இன்று கட்டுவது வாகனத்தின் மீதான வரி. வெகு பின்னாளில் இங்கிலாந்தின் பெரும் நெடுஞ்சாலைகளுக்கென்று அதிலிருந்து ஒதுக்குவதாக அரசு அறிவித்தது உண்டு. ஆனால் நம் வீட்டு வாசலில் இருக்கும் வீதியைப் பார்த்துக்கொள்வது கவுன்சில். அதற்கான பணம் கவுன்சில் வரியும் பொது வரிகளும். அவற்றைச் சைக்கிள் ஓடுகிறவரும் கட்டுகிறார். 2025 ஏப்ரல் வரை பெரும்பாலான மின்சாரக் கார்கள் வாகன வரியாக ஒரு பென்னிகூடக் கட்டவில்லை. அவற்றை வீதியை விட்டு இறங்கு என்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

ஒல்லாந்தர் செய்த முடிவு

யாழ்ப்பாணக் கோட்டையைத் திருத்திக் கட்டிய ஒல்லாந்தரை நமக்குத் தெரியும். அவர்கள் நாடு பிறவியிலேயே சைக்கிள் நாடு, அங்கே எல்லாம் தானாக அமைந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவல்ல. 1950களிலும் 60களிலும் அங்கும் கார் பெருகியது. சைக்கிள் குறைந்தது. 1970களின் தொடக்கத்தில் அந்தச் சிறிய நாட்டின் வீதிகளில் ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1971இல் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் சிறு பிள்ளைகள்.

அவர்களில் ஒரு சிறுமியின் தகப்பன் விக் லாங்கென்ஹோஃப் என்ற பத்திரிகையாளர். பள்ளிக்கூடம் போகும் வழியில் மகள் இறந்தாள். 1972இல் தன் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்'. அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மாரும் தகப்பன்மாரும் பிள்ளைகளும் வீதிகளில் இறங்கினார்கள். விபத்து என்று சொல்லிக் கைகழுவிவிடும் வழக்கத்தை அவர்கள் ஏற்க மறுத்தார்கள்.

அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. 1973 நவம்பர் 4 முதல் சில வாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிளில் போனார்கள். எரிபொருள் இல்லாத வீதி எப்படியிருக்கும் என்று நம்மில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. 1990க்குப் பின் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் நோயாளியும் விறகும் மூட்டையும் சைக்கிளில்தான் போயின. பற்றரி இல்லாத வீடுகளில் சைக்கிளின் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஒரு வானொலி நிலையத்தின் இதழில் இதை நினைவுகூராமல் இருக்க முடியாது.

ஒல்லாந்தர் அந்தப் படிப்பினையை மறக்கவில்லை. 1975இல் அவர்களது சைக்கிள் ஓடுவோர் சங்கம் பிறந்தது. 1976இல் குடியிருப்புத் தெருக்களில் கார் நடைவேகத்தில் போக வேண்டும் என்ற ஏற்பாடு சட்டமானது. ஹேக் நகரிலும் ரில்பேர்க் நகரிலும் மாதிரிச் சைக்கிள் பாதைகள் அமைத்தார்கள். ஹேக் நகரக் கடைக்காரர்கள் வியாபாரம் கெட்டுவிடும் என்று எதிர்த்தார்கள். 1980களில் டெல்ஃப்ற் நகரம் ஒரு பாதையோடு நிற்காமல் நகரம் முழுவதையும் ஒரு வலையாக இணைத்தது. ஒரு பாதை எவ்வளவு நன்றாயிருந்தாலும், அது போய் முடியும் இடத்தில் பயம் இருந்தால் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள் என்று கண்டுகொண்டார்கள்.

சட்டத்திலும் ஒரு தெளிவு உண்டு. அங்கே மோட்டார் வாகனம் ஒரு சைக்கிள்காரரையோ பாதசாரியையோ மோதினால், நட்டத்துக்கு வாகனக்காரரே பொறுப்பு என்பதிலிருந்துதான் கணக்குத் தொடங்குகிறது. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் அந்தப் பொறுப்பு ஏறக்குறைய முழுமையானது. இது குற்றவியல் தண்டனை பற்றியதல்ல. காப்புறுதிப் பணம் பற்றியது. இங்கிலாந்திலோ, அடிபட்டவர்தான் மற்றவரின் பிழையை நிரூபிக்க வேண்டும்.

இங்கே செய்ததும் செய்யாததும்

பிரித்தானியாவில் யாரும் முயலவில்லை என்று சொல்வது நியாயமல்ல. ஸ்டீவனேஜ் புதுநகரத்தின் பொறியியலாளர் எரிக் கிளாக்ஸ்டன், தானே சைக்கிளில் போகிறவர். காரோடு சந்திக்காமல் சுரங்கவழிகளால் செல்லும் அருமையான பாதை வலையை அந்த நகருக்குக் கொடுத்தார். ஆனால் சைக்கிள் அங்கே பெரிதாகப் பெருகவில்லை. காரணம், காருக்கும் அதே அளவு தாராளமான வீதிகளைப் போட்டார்கள். இரண்டும் சுகமென்றால் மனிதன் கதிரையில் இருந்தபடி போகவே விரும்புவான்.

லண்டனில் 2010இல் நீல நிறம் பூசிய 'சைக்கிள் பெருவழிகள்' திறக்கப்பட்டன. பல இடங்களில் அது வெறும் பூச்சுத்தான். 2013 நவம்பரில் இரண்டு வாரங்களுக்குள் ஆறு சைக்கிள்காரர்கள் லண்டனில் இறந்தார்கள். பூச்சு லொறியைத் தடுக்காது என்று நகரம் உணர்ந்தது. 2016இல் தேம்ஸ் நதியோரமாகக் கல்வரம்பு கட்டிப் பிரித்த பாதை வந்தது. சாரதி ஆசனத்திலிருந்து பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க முடியாத பெரிய லொறிகளுக்கு 2021 முதல் கட்டுப்பாடு வந்தது.

2022 ஜனவரி 29ஆம் திகதி நெடுஞ்சாலை விதிக்கோவை திருத்தப்பட்டது. அதிகம் கேடு செய்யக்கூடிய வாகனத்தை ஓடுகிறவருக்கு அதிகப் பொறுப்பு என்று அது இப்போது சொல்கிறது. 1930களில் சைக்கிள்காரர்கள் கேட்ட கேள்விக்கு, ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, புத்தகத்தில் ஒரு பதில் கிடைத்தது.

நாம் கவனிக்க வேண்டியவை

கார் ஓடும் நேயர்களுக்கு: மணிக்கு 30 மைல் வேகம் வரை, சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீற்றராவது இடைவெளி விடுங்கள். அதற்கு மேல் வேகமென்றால் இன்னும் கூட. இடம் இல்லையென்றால் பின்னால் பொறுத்திருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது நேரே போகும் சைக்கிளுக்கு வழிவிடுங்கள். நிறுத்திய காரின் கதவை இடது கையால் திறவுங்கள். அப்போது உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார்.

சைக்கிள் ஓடும் நேயர்களுக்கு: நிறுத்திய கார்களிலிருந்து ஒரு கதவின் அகலமாவது, அதாவது ஒரு மீற்றர், தள்ளிப் போங்கள். வீதி ஓரக் கல்லோடு ஒட்டிப் போகாதீர்கள். அமைதியான வீதியிலும் சந்தியை நெருங்கும்போதும் உங்கள் வழித்தடத்தின் நடுவில் போவதை விதிக்கோவையே சொல்கிறது. அது திமிர் அல்ல, உங்களைக் காணச் செய்வதற்கான வழி. சந்தியில் நிற்கும் லொறியின் இடப்பக்கத்தால் நுழையாதீர்கள். இரவில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கும் ஒளித்தெறிப்பானும் சட்டப்படி வேண்டும். இரவில் உணவு கொண்டுபோகும் நம் மாணவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கடை வைத்திருக்கும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. கடை வாசலில் கார் நிறுத்துமிடம் போய்விடும் என்ற உங்கள் கவலை வெறும் கவலையல்ல. வாடகையும் வட்டியும் கட்டுகிறவர்களின் கவலை அது. கவுன்சில் கூட்டத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். சாமான் இறக்க நேரமும் இடமும் கேளுங்கள். ஆனால் பாதையே வேண்டாம் என்று கையெழுத்திடுமுன், உங்கள் பிள்ளை எந்த வழியால் பள்ளிக்கூடம் போகிறது என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

2023இல் பிரித்தானிய வீதிகளில் சைக்கிளில் போய் இறந்தவர்கள் 87 பேர். 1934ஐ விட மிகக் குறைவு. ஆனால் அந்த 87 வீடுகளுக்கு இது புள்ளிவிபரம் அல்ல. ஒல்லாந்தில் ஒரு தகப்பன் கேட்டது போல, இது தவிர்க்கக்கூடியதா என்று கேட்கத் தொடங்கும்போதுதான் வீதி மாறுகிறது.

உங்கள் கருத்துகளை நிலையத்துக்கு எழுதுங்கள். கார்க்காரர் கடிதமும் சைக்கிள்காரர் கடிதமும் ஒரே நிகழ்ச்சியில் வாசிக்கப்படும். அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திக்கிறேன்.